கதை பேசிக்கொண்டே ஓடுங்கள்

அவையை அமைதியாய் ஆளும் தலைவர் அவர்களே! என் பேச்சு நீளும் என்று தெரிந்தும் நாற்காலியில் சாய்ந்துகொண்ட பெரியோர்களே! விடியுமுன் எழுந்து, ஒற்றைக் காலுறைக்கு ஜோடி தேடிக் களைத்த தாய்மார்களே! அந்தக் காலுறையைக் கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் உட்கார்ந்திருக்கும் என் ஓட்டக்காரக் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பயிற்சியாளரின் பணிவான வணக்கம்.

நெடுந்தூர ஓட்டம் எதன் வேலை? காலின் வேலையா? கடிகாரத்தின் வேலையா? காத்திருக்கும் கோப்பையின் வேலையா? இளம்பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சியின் வேலை என்கிறேன் நான்.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. சின்னவர்கள் இருவர் இருவராக ஓடுவார்கள். ஓடிக்கொண்டே கதை சொல்வார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வார். மூச்சு வாங்கிக் கதை நின்றுவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். கதை திரும்பி வரும்வரை இருவரும் மெல்ல ஓட வேண்டும். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள்! இந்தச் சட்டத்தைக் கேட்டு முதலில் சிரித்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாரே, அவரேதான்.

அவர் மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. அணைக்கும் பொத்தான் இல்லாத வானொலி! ஓட்டுநரோ நேரத்துக்கு வண்டியை நிறுத்தியே பழகியவர். கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு வந்தார். மகளை ஓரமாக அழைத்தார். “வாயை மூடிட்டு ஓடும்மா. பேசினா மூச்சு வீணாயிடும்” என்றார்.

வாய் மூடியது; வேகம் கூடியது. தந்தை பூரித்தார். ஆனால் சில வாரங்களில் வானொலி திடலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சலவைக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா என்னிடம் வந்து கண்கலங்கினார். “ஓடக் கூப்பிட்டா வயித்து வலிங்குறா டீச்சர். வீட்லயும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறா.”

வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கேட்டேன். என்ன சொன்னாள் தெரியுமா?

“பேசினா மூச்சு தீந்துடும்ல அக்கா? அப்பாதான் சொன்னாரு.”

சாப்பாட்டு மேசையிலும் அந்தப் பிள்ளை மூச்சைச் சேமித்துக்கொண்டிருந்தது, பெரியோர்களே!

நான் ஓட்டுநரைத் திட்டவில்லை. “அண்ணே, நாளைக்கு அவளுக்கு ஜோடி இல்ல. நீங்க ஓடுங்க” என்றேன். அப்பா ஓடுகிறார் என்றதும் மகளும் வந்தாள். அவள் வாய் திறக்கவில்லை; அவர்தான் தொடங்க வேண்டியதாயிற்று. “ஒரு ஊர்ல... ஒரு சிங்கம்... அதோட செருப்பு... தொலைஞ்சு...” முதல் வளைவிலேயே மனிதருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது!

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “மெதுவா ஓடுப்பா. சிங்கம் எங்கயும் போயிடாது. அதுக்குத்தான் செருப்பு இல்லையே!”

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. சிங்கம் கடைக்குப் போனது, பேரம் பேசியது, நான்கு காலுக்கும் நான்கு நிறம் கேட்டது. நிற்க வேண்டிய கம்பத்தையும் தாண்டி, அப்பாவும் மகளும் இன்னொரு சுற்று போய்விட்டார்கள். வந்து நின்றவரிடம், “எவ்வளவு நேரம் அண்ணே?” என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். “அமுக்கவே மறந்துட்டேன் டீச்சர். செருப்பு கெடச்சுதான்னு கேட்டுக்கிட்டே வந்துட்டேன்.”

பெற்றோரே! நாளைக் காலை இந்தப் பிள்ளைகள் ஓடப்போகிறார்கள். முகம் சிவந்து, முடி கலைந்து உங்களிடம்தான் ஓடிவருவார்கள். “எத்தனையாவது வந்தே?” என்று கேட்கத்தான் போகிறீர்களா? அந்த ஒரு கேள்வியை விழுங்குங்கள்! “கதை என்ன ஆச்சு?” என்று கேளுங்கள்! இன்று சிரித்துக்கொண்டு ஓடும் பிள்ளை நாளையும் வரும். நாளையும் வரும் பிள்ளைதான் நெடுந்தூரம் போகும்! வெற்றி வரட்டும், வராமல் போகட்டும், ஓட்டத்தின்மேல் ஆசை மட்டும் ஓயாதிருக்கட்டும்!

என்ன அங்கே கடைசி வரிசையில் சத்தம்? வானொலியா? சொல்லம்மா.

“அக்கா, உங்களுக்கு மூச்சு வாங்குது. மெதுவா பேசுங்க!”

சட்டம் எனக்கும் பொதுதான். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, மூச்சு வாங்க உட்காருகிறேன். வணக்கம்.