எந்தப் பக்கத்து எஞ்சின்

ஜெயசீலி: ...அப்புறம் என்ன ஆச்சாம்?

ஞானையா: என்ன ஆகும். இறக்கிட்டான். ஒரு எஞ்சின் எரிஞ்சுபோச்சு. கீழே ஒரே மூடுபனி. தூங்குற குழந்தையைத் தொட்டில்ல விடுற மாதிரி தரையில வெச்சான்.

ஜெயசீலி: வெச்சானா?

ஞானையா: வெச்சானாம். நம்ம ஏர்ஃபோர்ஸ் சத்தியநாதன் சொன்னாரு. நேத்து சாயங்காலம் ஏர்ஃபோர்ஸ் மைதானத்துல இங்கிலீஷ் படம் போட்டாங்கல்ல. பார்த்திருக்காரு. காலையில கடைத்தெருவுல நிக்க வெச்சு முழுக் கதையும் சொல்லிட்டாரு.

ஜெயசீலி: ஓ... சத்தியநாதன்.

ஞானையா: ஏன் இழுக்கிறே?

ஜெயசீலி: ஒண்ணுமில்ல. தெருவே அதைத்தான் பேசுது. குழாயடியில அஞ்சம்மா குடத்தை வெச்சுட்டு ஒரு மணி நேரம் சொன்னா. அவ வீட்டு மாடி மைதானத்துச் சுவரை ஒட்டித்தானே இருக்கு.

ஞானையா: சரி சரி. நம்ம வீட்டுல சினிமாப் பேச்சு வேண்டாம்.

ஜெயசீலி: நீங்கதானே ஆரம்பிச்சீங்க.

ஞானையா: சினிமாவுக்காக இல்ல. ஏரோப்ளேன் எப்படின்னு தெரியணும்ல. திங்கட்கிழமைக்குள்ள சம்மதக் கடிதம் போய்ச் சேரணும். அப்பன் கையெழுத்து இல்லாம கல்யாணமாகாத பொண்ணை லண்டன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டாங்க. தவறினா நம்ம ஹில்டா இடம் வேற நர்ஸுக்கு.

ஜெயசீலி: ஒரு மாசமா சொல்றீங்க. கடிதம் சட்டைப் பையிலேயேதான் இருக்கு.

ஞானையா: கப்பல்னா என்னிக்கோ கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஜெயசீலி: கப்பலுக்கு என்னவாம்?

ஞானையா: எத்தனை தடவை சொல்றது. சூயஸ் கால்வாய் மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆப்பிரிக்காவைச் சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள வேலை போயிடும். ஏரோப்ளேன்தான். அதைச் சொன்னாலே நீ அழறே.

ஜெயசீலி: நீங்க மட்டும்? மீனம்பாக்கத்துல ஒண்ணு கிளம்பினா, சத்தம் அடங்குற வரைக்கும் சோத்துல கை வைக்கிறதில்ல.

ஞானையா: ...காபி ஆறிப்போச்சு.

ஜெயசீலி: ஆறட்டும். படம் எப்படியிருந்துச்சாம்? ஜனங்க என்ன சொல்றாங்க?

ஞானையா: ஆளுக்கு ஒண்ணு. எங்க சயின்ஸ் மாஸ்டர் அரிகிருஷ்ணன், அதெல்லாம் பொம்மை விமானம், தொட்டித் தண்ணியில கடல் காட்டியிருக்கான்னு சொல்றாரு.

ஜெயசீலி: தொட்டித் தண்ணியா? கீழே மேகம், மேகத்து மேல நிலா வெளிச்சம், அது மேல ரெக்கை நிழல் போகுது... போச்சாம். அதை எந்தத் தொட்டியில காட்டுறது?

ஞானையா: அதான் நானும் அவர்கிட்ட சொன்னேன். கடைத்தெரு பொன்னுரங்கம் என்ன சொல்றான் தெரியுமா? ஒரு பாட்டு இல்ல, ஒரு சண்டை இல்ல, ரெண்டு மணி நேரம் எல்லாரும் பெல்ட்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, இது ஒரு படமான்னு கேக்குறான்.

ஜெயசீலி: மாடியில பார்த்த பச்சையம்மாவும் அதேதான் சொன்னா. வெள்ளைக்காரி அழும்போதுகூட லிப்ஸ்டிக் கலையலையாம். ஆனா அந்த எஞ்சின் சத்தம் நின்ன இடத்துல, அவளும் வாயைத் திறக்கலை. மாடியில முப்பது பேர். ஒருத்தர்கூட இருமலை.

ஞானையா: இருமலையா?

ஜெயசீலி: இருமலையாம்.

ஞானையா: மைதானத்துலயும் அப்படித்தான். இருநூறு நாற்காலி, ஒண்ணுகூட கிரீச்சுங்கலை. எஞ்சின் தீப்பிடிச்சப்ப எனக்கு... சத்தியநாதனுக்கு, எழுந்து ஓடணும்போல இருந்துச்சாம். இடது ரெக்கை முழுக்க நெருப்பு.

ஜெயசீலி: வலது ரெக்கை.

ஞானையா: இடது.

ஜெயசீலி: வலதுங்க. வலது பக்க ஜன்னல்கிட்ட ஒரு கிழவி கடிகாரத்தை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கா. அவதான் முதல்ல நெருப்பைப் பாக்குறா.

ஞானையா: கிழவி சரி. கடிகாரமும் சரி. ஜன்னல் இடது பக்கம்.

ஜெயசீலி: சோறு சாப்பிடுற கை எனக்குத் தெரியாதா?

ஞானையா: பார்த்த மாதிரி சொல்றியே.

ஜெயசீலி: நீங்க மட்டும் என்ன, பக்கத்து சீட்டுல உக்காந்து வந்த மாதிரி சொல்றீங்க.

ஞானையா: ...சரி, விடு. எந்தப் பக்கமா இருந்தா என்ன. இறக்கிட்டான்ல.

ஜெயசீலி: இறக்கிட்டான். அந்த கேப்டன்... அவன் இடது கைக்காரனாம். எல்லாரும் பத்திரமா இறங்கினப்புறம் நோட்டுப் புஸ்தகத்துல கையெழுத்துப் போடுறான். இடது கையால.

ஞானையா: இடது கையாலயா?

ஜெயசீலி: நம்ம ஹில்டா மாதிரி. சின்ன வயசுல அந்தக் கைக்கு நீங்க எத்தனை அடி அடிச்சிருப்பீங்க. அதே கைதான் அத்தனை பேரைக் காப்பாத்துச்சு. இதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு அழுகை வரலை. நிஜமா. நீங்க கையெழுத்துப் போட்டாலும் போடாட்டியும், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்.

ஞானையா: அவ போகலாம்னு சொல்றியா?

ஜெயசீலி: அந்தக் கடிதத்துல என்ன எழுதி வெச்சிருக்கீங்க, அதை முதல்ல சொல்லுங்க.

ஞானையா: இரு. வாசல்ல யாரோ...

அஞ்சம்மாள்: அக்கா... யக்கா... வாத்தியாரும் கீறாரா. தோ பாரு, இத்த எங்க மாடியிலயே வுட்டுட்டு வந்துட்டியே. ராத்திரி பனியில நனஞ்சிருக்கும். நல்லவேளை, நான் எடுத்து உள்ளாற வெச்சேன்.

ஞானையா: இது நம்ம வீட்டு வேதபுஸ்தகம்.

அஞ்சம்மாள்: ஆமா சாரு. அக்கா நேத்து படம் பாக்க வந்துச்சு இல்ல, அப்போ கொணாந்துச்சு.

ஞானையா: தபீதாள் வீட்டு ஜெபக்கூட்டம்னு சொல்லிட்டுப் போனியே, ஜெயசீலி.

அஞ்சம்மாள்: இன்னாக்கா, சொல்லலியா? பேஜாராப் போச்சே. சாரு, அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், ஆரம்பத்துல பேரு எயுத்து ஓடசொல்ல கண்ணை மூடிக்கினு ஜெபம் பண்ணிக்கினு இருந்துச்சு. ஏரோப்ளேன் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் தொறந்துச்சு.

ஞானையா: அஞ்சம்மா, ஒண்ணு சொல்லு. எஞ்சின் எரிஞ்சது எந்தப் பக்கம்?

அஞ்சம்மாள்: எங்க மாடிக்கு வலது. மைதானத்துல உக்காந்தவங்களுக்கு எடது.

ஜெயசீலி: அது எப்படிடி?

அஞ்சம்மாள்: நம்ம பாக்கறது படத் துணிக்குப் பின்பக்கம் இல்லியாக்கா. எல்லாம் திரும்பித்தான் தெரியும். எயுத்துகூட திருப்பிக்கினு கீது. அதைப் பாத்திருந்தா உனக்கே புரிஞ்சிருக்கும், நீதான் கண்ணை மூடிக்கினே. ஒரு தபா கல்யாண சீன்ல பந்தியில எல்லாரும் எடது கையால சோறு துன்னாங்க, நாங்க பழகிட்டோம். வரேன்க்கா. வூட்ல அடுப்பு மேல கொழம்பு கீது.

ஜெயசீலி: ஏதாவது சொல்லுங்க. போன வருஷம் சினிமா பார்த்தான்னு வில்பிரட்டைப் பாடகர் குழுவுலேர்ந்து மூணு மாசம் நிறுத்தினீங்கல்ல. எனக்கு எத்தனை மாசம்?

ஞானையா: ஏன் போனே?

ஜெயசீலி: அதுக்குள்ள எப்படியிருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு. அவ எங்கே உக்காருவா, பயந்தா யார்கிட்ட சொல்லுவா... வானத்துல போறதைப் பார்த்திருக்கோம். உள்ளே பார்த்ததில்லையே. பார்த்தேங்க. மேகத்துக்கு மேல அவ்வளவு இடம் வெச்சிருக்காரு ஆண்டவர்.

ஞானையா: ம்.

ஜெயசீலி: அப்ப நான் பார்த்ததெல்லாம் மாறிப் பார்த்தது. எரிஞ்சது இடது ரெக்கைதான்.

ஞானையா: இடதுதான். சத்தியநாதன்தான் சொன்னாரே.

ஜெயசீலி: சத்தியநாதன் வியாழக்கிழமையே சொந்த ஊர் நாசரேத்துக்குப் போயிட்டாரு. அவர் சம்சாரம் இரும்புலியூர்ல தங்கச்சி வீட்டுல இருக்கா. வழியனுப்பிட்டு நேரா இங்கே வந்து சொல்லிட்டுத்தான் அங்கே போனா. நீங்க அவர் பேரைச் சொன்னதுமே பொய்னு தெரியும். யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். நேத்து சபைக் கமிட்டின்னு போனீங்களே. அங்கே இருநூறு நாற்காலியா போட்டிருந்தாங்க?

ஞானையா: ஹ... ஹஹ்ஹா.

ஜெயசீலி: சிரிக்காதீங்க. சிரிக்கிற விஷயமா இது. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. துணிக்கு முன்னாடி உக்காந்து பார்த்தவர் நீங்கதான். அந்த கேப்டன்... அப்ப அவன் வலது கைக்காரனா?

ஞானையா: அவன் கையை நான் பாக்கலை ஜெயசீலி. சத்தியநாதன் ஊருக்குப் போகும்போது குடுத்த பாஸை வெச்சுட்டு, முன் வரிசையில தலையில துண்டைப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரமும் அந்தப் பணிப்பெண்ணையேதான் பார்த்தேன். ப்ளேன் அந்த ஆட்டம் ஆடுது, அவ சீட்டு சீட்டா நின்னு பெல்ட்டை இழுத்துப் பார்த்துட்டு, கிழவி கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றா. அப்படியே நம்ம ஹில்டா வார்டுல நடக்கிற நடை. அவளை நான் எப்படிப் பிடிச்சு வெச்சுக்கிறது... சட்டைப் பையைப் பாரு, ஒண்ணுமில்ல. வேண்டாம்னு எழுதினதை ராத்திரியே கிழிச்சுட்டேன். சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, காலையில ஸ்டேஷன் தபால் பெட்டியில போட்டுட்டு வந்துதான், உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம படக்கதையை ஆரம்பிச்சேன்.