ஸ்பெயினிலிருந்து லாரி எதுவும் வரவில்லை

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எரோ மாவட்டம், ரோக்சேஷ் கிராமத்துக்குப் பொறுப்பான வட்டாரக் காவல் நிலையத்தில், துணை அதிகாரி லிலியான் ரூக்கெத் முன்னிலையில் சொல்லப்பட்டு அவரால் எழுதப்பட்டது.

என் பெயர் மோரிசெத் அஸேமா. வயது 66. கணவர் பெயர் ஃபுல்க்ரான் அஸேமா, வயது 74. ரோக்சேஷ் கிராமத்தில் கிணற்றுத் தெரு 7ஆம் எண் வீட்டில் நாற்பத்தொரு வருடமாக வசித்து வருகிறேன். வீட்டோடு சேர்ந்தாற்போல் எங்கள் ஒயின் கூடம் இருக்கிறது. நான்கு சிமெண்ட் தொட்டிகள்.

நாங்கள் செய்வது சிவப்பு ஒயின் மட்டும். திராட்சைக் குலைகளைக் காம்போடு தொட்டியில் கொட்டி, காலால் மிதித்து, வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல் தானாகப் பொங்கிப் புளிக்க விடுவதுதான் எங்கள் வழக்கம். பாட்டில் ஆறு யூரோவுக்கு மேல் விற்க என் கணவர் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை. பாரீஸ் வியாபாரி ஒருவர் விலையைப் பதினெட்டாக்கலாம் என்று யோசனை சொன்னபோது, "கொத்தனார் புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டோட குடிக்கிறதுக்குத்தான் நான் இதைப் பண்றேன். பதினெட்டுன்னா அவன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வாங்க மாட்டான், போயிட்டு வாங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்.

2019 ஏப்ரல் மாதம் அவர் மூன்றாம் தொட்டியின் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் ஐந்து தையல் போட்டார்கள். அதன் பிறகு பதினோராம் நாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துபோய், தோட்டத்தில் இருந்த எனக்கே வாசனை எட்டி நான் ஓடி வந்து பார்த்தபோது, அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னய்யா, உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?" என்று கத்தினேன். எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் மனிதர், பேப்பரை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "இல்ல" என்றார்.

அதன் பிறகு மோன்பெலியே ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே நரம்பு அறுந்துவிட்டது, இனி வாசனை திரும்பாது என்றார்கள். திரும்பி வரும் வழியில் அவர், "டாக்டருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்னு வச்சுக்க" என்றார். நான் சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் செய்த குற்றம். அதற்கு இவ்வளவு நீளம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நான்கு அறுவடைக்கும் தொட்டிகளை முகர்ந்து பார்த்தது நான். எந்தத் தொட்டியை எப்போது வடிப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்ததும் நான். வியாபாரிகள் வரும்போது அவருக்கு எதிரில் நின்றுகொள்வேன். ஒயின் நன்றாக இருந்தால் கையை மேஜைமேல் வைப்பேன். கெட்டிருந்தால் ஏப்ரனில் துடைத்துக்கொள்வேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி, முகர்வதுபோல் நடித்து, தீர்ப்புச் சொல்வார். அவரில்லாமல் நான் எங்கேயும் போகலாம், நானில்லாமல் அவர் ஒரு கிளாஸைக்கூடத் தூக்க முடியாது என்பதால் நானும் எங்கேயும் போகவில்லை. பெர்ப்பிஞானில் என் தங்கை மகள் கல்யாணம் நடந்தபோது இங்கே சுவிட்சர்லாந்து வியாபாரிக்குக் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். தங்கை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

முதல் வருடம் அவர் செய்கிற மாதிரியே அச்சு அசலாகச் செய்தேன். அவர் பதினெட்டு நாள் தோலோடு ஊறவிடுவார், நானும் விட்டேன். 2020ஆம் வருடம் ஒன்பதாம் நாளே தொட்டியின் வாசனை மாறிவிட்டது, இனி ஊறினால் துவர்த்துவிடும் என்று எனக்குத் தெரிந்ததால் அன்றைக்கே வடித்துவிட்டேன். "அவசரக்குடுக்கை" என்று திட்டினார். தடுக்கவில்லை. தடுப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

அந்த ஒயின் நன்றாக இருந்தது. நானே சொல்லக்கூடாது, ஆனால் சொல்லும்படி இங்கே கேட்கிறீர்கள். ஒரு ஒயின் பத்திரிகையில், வயதாக ஆக அஸேமாவின் கை கனிந்துவிட்டது, இந்த விலைக்கு இப்படி ஒரு ஒயினா என்று எழுதினார்கள். அவர் அந்தப் பக்கத்தை வெட்டிக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். கோந்து எடுத்துக் கொடுத்தது நான்.

அதன் பிறகு மோசடித் தடுப்பு அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. ஃபுல்க்ரான் ஆயுளில் இவ்வளவு மென்மையான ஒயின் செய்ததில்லை, ஆறு யூரோவுக்கு இது கட்டுப்படியாகாது, வெளியிலிருந்து லாரியில் வாங்கிக் கலக்கிறார் என்பது அதில் உள்ள விஷயம். எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

மார்ச் 9, வியாழக்கிழமை, அந்த அலுவலகத்திலிருந்து தெய்ஸியே என்பவர் வந்தார். மரியாதையான மனிதர். ஏடுகளைப் பார்த்தார், தொட்டிகளை அளந்தார். அதன் பிறகு மூன்று கறுப்புக் கிளாஸ்களை மேஜைமேல் வைத்தார். உள்ளே இருப்பதன் நிறம் தெரியாது. மூன்று பாட்டிலையும் பையை விட்டு வெளியே எடுக்காமலே திறந்து ஊற்றினார். ஒன்று எங்களுடையது, அதை அடையாளம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார். நான் வழக்கம்போல எதிரில் போய் நின்றேன். அவர், "அம்மா, நீங்க அந்தப் பக்கம் உக்காந்துக்குங்களேன்" என்று என் கணவரின் முதுகுப் பக்கம் நாற்காலியைக் காட்டினார்.

மூன்றாவது பாட்டில் தக்கை கெட்டுப்போன பாட்டில். ஊற்றும்போதே ஈரச் சாக்கு நாற்றம் என் நாற்காலிவரை வந்தது. தெய்ஸியேவும் முகம் சுளித்து அந்தக் கிளாஸை எடுத்துவிடக் கை நீட்டினார். அதற்குள் என் கணவர் அதை எடுத்து, கண்ணை மூடி, முகர்ந்து, குடித்து, "இதுதான் என்னோடது. சந்தேகமே வேண்டாம்" என்றார்.

நான் இருமினேன். இருமலுக்கு நாங்கள் எந்த அர்த்தமும் பேசி வைத்திருக்கவில்லை.

தெய்ஸியே, "ஐயா, இன்னொரு தடவை மோந்து பாருங்களேன்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலிலேயே என் கணவருக்கு விளங்கிவிட்டது. பின்னாலிருந்து பார்த்த எனக்கு அவர் கழுத்து சிவப்பது தெரிந்தது. அதன் பிறகு தெய்ஸியே, "சொந்த ஒயினையே தெரியலைன்னா, இதை நீங்கதான் பண்றீங்களா?" என்று கேட்டார். என் கணவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல. ஸ்பெயின்லேர்ந்து லாரியில வருது. எழுதிக்குங்க" என்றார்.

அன்றே நான்கு தொட்டிகளுக்கும் ஈய முத்திரை வைத்துவிட்டார்கள். மறுநாள் என் கணவர் இந்த நிலையத்துக்கு வந்து அதையே வாக்குமூலமாகக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த வாக்குமூலம் செல்லுபடியானால் நான்கு தொட்டியையும் சாக்கடையில் திறந்துவிடுவார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது.

நேற்று திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் என்னிடம், "நாளைக்கு உன்னைக் கேப்பாங்க. எத்தனை லாரின்னு கேட்டா ரெண்டுன்னு சொல்லு" என்றார்.

"ஊர்ல உன்னை மோசடிக்காரன்னு சொல்வாங்களே, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"மோசடிக்காரன் இந்தப் பள்ளத்தாக்குல பத்துப் பேர் இருக்கான். எல்லாரும் நல்லாத்தான் இருக்கான். மூக்கில்லாத ஒயின்காரன் எவனாவது இருக்கானா சொல்லு?"

"அப்போ அந்த ஒயின்?"

"ஒயின் என்னடி ஒயின். அடுத்த வருஷம் பண்ணிக்கலாம்."

அவர் ரொட்டியைப் பிய்த்துச் சாற்றில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூக்கு போனதைச் சொல்லாதே என்றார், சொல்லவில்லை. பேர் அவருடையதாகவே இருக்கட்டும் என்றார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆனால் என்னிடம் கொடுக்க மனம் வராததை, யாரென்றே தெரியாத ஒரு லாரிக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: டாக்டரின் சீட்டு வீட்டில் துணி அலமாரியில் இருக்கிறது. வேறு ஆதாரம் வேண்டுமானால் கிளாஸ்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அதன் பிறகு தெய்ஸியே வரவழைக்கப்பட்டு, அதிகாரி முன்னிலையில், இதே மேஜையில், ஐந்து கறுப்புக் கிளாஸ்கள் எனக்கு வைக்கப்பட்டன. முதலாவது எங்கள் 2020, இரண்டாம் தொட்டி. இரண்டாவது கூட்டுறவுச் சங்கத்து ஒயின். மூன்றாவது எங்கள் 2019, அதாவது என் கணவர் முறையில் நான் செய்தது. நான்காவது எனக்குத் தெரியவில்லை, ஆனால் எங்களுடையது அல்ல. ஐந்தாவது முதல் கிளாஸில் இருந்ததே, வேறு பாட்டில். ஐந்தும் சரி என்று தெய்ஸியே சொன்னதை அதிகாரி குறித்துக்கொண்டார்.

இந்த அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறது. வெளியே பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். நான் முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனபோது அவர் என்னைப் பார்த்தார். இரண்டாவதை எடுத்தபோது எழுந்து நின்றார். மூன்றாவதை எடுத்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஐந்தையும் நான் முடித்துவிட்டேன்.

கேள்வி: உங்கள் கணவருக்கு எதிராக ஏதேனும் புகார் கொடுக்க விரும்புகிறீர்களா?

பதில்: இல்லை. அவர் ஒரு சொட்டும் கலக்கவில்லை, நாற்பது வருடத்தில் ஒருவரையும் ஏமாற்றவில்லை. ஸ்பெயினிலிருந்து லாரி எதுவும் வரவில்லை. அந்த ஒயினைச் செய்தவள் நான்.

கேள்வி: வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

பதில்: நாங்கள் இரண்டு பேரும் ஒரே காரில் வந்தோம். அவர்தான் ஓட்டினார். வீட்டுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். அதே காரில்தான் நான் திரும்பிப் போக வேண்டும். அவசரம் இல்லையென்றால் இதை இன்னொரு தடவை மெதுவாகப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டுக்கொண்டபடி மேலே உள்ள முழுவதும் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டப்பட்டது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் வாயால் சொன்னது இவ்வளவே, சொன்னது அத்தனையும் நிஜம், ஒரு வரியையும் அடிக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மோரிசெத் அஸேமா