அறுபட்ட கோட்டும் மன்னிப்புக் கேட்ட குற்றமும்

லுகுண்டா காவல் நிலையத்தில், ஆய்வாளர் முன்பாக, புகார்தாரரின் மனு தொடர்பாகக் கொடுக்கும் வாக்குமூலம்.

பெயர்: ஒடிலோ மபுண்டா. வயது: ஐம்பத்திரண்டு. தொழில்: வெல்டிங், பம்புசெட் பழுதுபார்த்தல். இருப்பு: முஃபிந்தி மாவட்டம், லுகுண்டா கிராமம், சந்தைக்குப் பின்புறம்.

நான் மேற்படி முகவரியில் பத்தொன்பது வருடமாகப் பட்டறை வைத்து ஜீவனம் செய்து வருகிறேன். நான் ங்கோனி இனம். புகார்தாரர் செவரினி கிகோட்டி ஹேஹே இனம், எங்கள் ஊரிலேயே தச்சுவேலை செய்பவர். எங்கள் பாட்டன்மார் ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள் என்பதால் பேரன்மாராகிய நாங்கள் கேலி முறைக்காரர்கள். முறைக்காரன் எதைச் சொன்னாலும் எதைச் செய்தாலும் கோபப்படக் கூடாது. இது ஆய்வாளர் ஐயாவுக்கும் தெரியும் என்றாலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கடந்த மார்ச் மாதம் முதல் நான் சொந்தமாக மரம் அறுக்கும் மில் ஒன்றைச் செய்துவந்தேன். பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த பிக்கப் வண்டியின் சக்கரங்கள் இரண்டை டயரோடு ஒரு இரும்புச் சட்டத்தில் பக்கம் பக்கமாக மாட்டி, அவற்றைச் சுற்றி வளையமான ரம்பப்பட்டையைக் கிடையாக ஓடவிட்டேன். அதன் பிறகு பம்புசெட் எஞ்சினை ஏற்றி, அதற்குக் கிளட்சு செய்தேன். எஞ்சினை முறுக்கினால் உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், ரம்பம் ஓடும். முறுக்கை விட்டால் ஸ்பிரிங்குகள் கட்டைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும், ரம்பம் நிற்கும். அதற்கு மூன்று ஸ்பிரிங் வேண்டும், கிடைத்தது இரண்டு. மூன்றாவதை என் மெத்தையிலிருந்து எடுத்துப் போட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு சட்டம் உருண்டு போக ஆங்கிள் இரும்பில் தண்டவாளம் போட்டேன். என் முற்றம் சரிவானது என்பதால் தண்டவாளமும் மரம் கிடக்கும் பக்கமாக நான்கு விரல் சரிந்திருந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை சுமார் பத்து மணிக்கு, ஊரார் நாற்பது பேர் முன்னிலையில் ஒரு பைன் அடிமரத்தை ஏற்றிவைத்து எஞ்சினைக் கிளப்பினேன். அப்போது புகார்தாரர் முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே அந்த மரத்தின் மேல் ஏறி மல்லாந்து படுத்துவிட்டார்.

"டேய் ஓடிப்போனவன் பேரா! இது மில்லா, உங்க பாட்டன் போட்டுட்டு ஓடின கட்டிலா? ஒரு குடம் மூங்கில் கள்ளு வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். முடிஞ்சா அறுத்துக்கோ" என்றார்.

"படு, படு. தொந்தியோட சேத்து ரெண்டு பலகை தேறும்" என்று நானும் சொன்னேன்.

அதன் பிறகு அவரைச் சற்று மிரட்டலாம் என்று எஞ்சினை ஒரே ஒரு முறுக்கு முறுக்கினேன். கிளட்சு பிடித்தது. உடனே முறுக்கை விட்டேன். கிளட்சு விடவில்லை. மெத்தை ஸ்பிரிங் அறுந்துவிட்டதைப் பிற்பாடு கண்டேன். ரம்பம் ஓடிக்கொண்டே, சட்டம் சரிவில் தானாக உருண்டு, புகார்தாரரின் கால்பக்கமாக மரத்தில் ஏறி, அவர் முதுகுக்கு மூன்று விரல் கீழே மரத்தை அறுத்துக்கொண்டு போனது. நான் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன், அது என்னையும் இழுத்துக்கொண்டு போனது. புகார்தாரர் கண்ணை மூடியிருந்தார். மரம் அதிர்வதை நான் ஆட்டுவதாக நினைத்துக்கொண்டு, "நல்லா ஆட்டு, தூக்கம் வருது" என்றார்.

அதன் பிறகு சட்டத்தில் ரம்பத்துக்கு மேலே இருந்த குறுக்குக் கம்பி அவர் தொந்தியில் போய் முட்ட, எஞ்சின் திணறி நின்றது. அந்தத் தொந்தி இல்லையென்றால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்ல விரும்பவில்லை. அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. மரத்தின் இருபுறமும் தொங்கிய கோட்டின் கீழ்ப்பகுதி மட்டும் இடுப்புவரை அறுபட்டுக் கீழே கிடந்தது. ஊரார் தரையில் உருண்டு சிரித்தார்கள். புகார்தாரர் இறங்கி, அறுத்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, "பரவால்லையே, கோணாம வந்திருக்கே" என்று சொல்லி, நான் வரவழைத்துக் கொடுத்த கள்ளையும் குடித்துவிட்டு என்னை வாய் வலிக்கத் திட்டிவிட்டுப் போனார். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அன்றும் மறுநாளும் எனக்குக் களி இறங்கவில்லை. ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்தேனே என்று எஞ்சினைத் தொடவே இல்லை. எனவே திங்கட்கிழமை காலை ஒரு கோழியும் கோட்டுத் துணியும் எடுத்துக்கொண்டு புகார்தாரர் வீட்டுக்குப் போய், மண்டியிட்டு மனதார மன்னிப்புக் கேட்டேன். அவர் கோழியை வாங்கி ஓரமாகக் கட்டினார். அதன் பிறகு, "எந்திரிங்க மபுண்டா ஐயா. நாற்காலில உக்காருங்க. டீ சாப்பிடுறீங்களா?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னை ஐயா என்று சொன்னதில்லை. டீ நன்றாகத்தான் இருந்தது, என்னால் குடிக்க முடியவில்லை.

மறுநாள், நான் அவரைக் கொல்ல முயன்றதாகவும் மில்லைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்றும் அவர் மனு கொடுத்ததாக எனக்குத் தகவல் வந்தது. விசாரிக்கப் போனபோது அவர் வெளியே வரவில்லை. அவர் மனைவி வாசலில் நின்று, "அறுத்ததுல அவருக்குக் கோபமே இல்லண்ணே. மன்னிப்புக் கேக்குற அளவுக்கு நான் அவனுக்கு வேத்தாளா போயிட்டனான்னு புலம்பிக்கிட்டே இருக்காரு" என்றார்.

அப்போதுதான் நான் செய்த தவறு எனக்கு உறைத்தது.

மில்லை எடுத்துக்கொண்டு போவதானால் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி கொலும்பா இறந்தபோது, முறைக்காரர் என்ற உரிமையில் இந்தச் செவரினிதான் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "இடம் குளுகுளுன்னு இருக்கு, எனக்கே வேணும். சேவல் குடுத்தாத்தான் எந்திரிப்பேன்" என்று அடம் பிடித்தார். அந்த இடத்தில் நான் சிரித்தேன். அன்று சிரித்திருக்காவிட்டால் நான் வீடு திரும்பியிருக்க மாட்டேன். என் சொந்த ஊர் வெகுதூரம். இவர் வேற்றாளாகிவிட்டால் நான் செத்தபிறகு என் குழியில் இறங்கி என் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க இந்த ஊரில் ஆள் இல்லை. எனக்கு அந்தப் பயம் ஒன்றுதான்.

நடந்ததற்கு வருந்துகிறாயா என்று ஆய்வாளர் ஐயா கேட்டதற்கு நான் சொல்லும் பதில்: வருந்தவில்லை. திங்கட்கிழமை கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோழியையும் அவர் திருப்பித் தர வேண்டும். அவருடைய பாட்டன் என் பாட்டனைக் கண்டு ஓடிய ஓட்டம் ஊருக்கே தெரியும். பேரனுக்கும் ஓட வசதியாக இருக்கட்டும் என்றுதான் கோட்டைக் குட்டையாக்கிக் கொடுத்தேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த புகார்தாரர் ஜன்னல் வழியாக, "கோழியத் தின்னாச்சுடா, ஓடிப்போனவன் பேரா!" என்று கத்தினார். ஆய்வாளர் ஐயா அவரை உள்ளே அழைத்துக் கண்டித்தார். அதன் பிறகு, மனுவை வாபஸ் வாங்குவதாகவும், ஆனால் ஒரு விஷயம் காகிதத்தில் ஏற வேண்டும் என்றும் அவர் சொன்னார். வேறு தாள் இல்லாததால் இதிலேயே எழுதப்படுகிறது.

"எழுதிக்குங்க சார். இவன் செத்தா மொத ஆளா நான்தான் குழில இறங்குவேன். இவன் புள்ளைங்க ஆடு குடுக்காம ஏற மாட்டேன். வேற எவனும் இறங்கக் கூடாது."

எனக்குச் சம்மதம். ஆனால் அவர்தான் எனக்கு முன்னால் போவார், அவர் குழியில் இறங்கி மாடு கேட்கப்போவது நான்தான் என்று நான் சொன்னேன். இது பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. வெளியே போய்ப் பேசிக்கொள்ளும்படி ஆய்வாளர் ஐயா உத்தரவிட்டார்.

மேலே கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நடந்தது நடந்தபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் பொய்யில்லை.

(ஒப்பம்) ஒடிலோ மபுண்டா

சாட்சி: (ஒப்பம்) செவரினி கிகோட்டி