ஆலனில் மேகம்

“ஹலோ... ஹலோ கிரிஸ், சொல்லுடா. இறங்கிட்டீங்களா?... ம், ம். ரென்டல் கார் கிடைச்சுதா?... சரி, சரி. தெருவுல நிறுத்தாத, டிரைவ்வேலயே விட்டுடு, என் வண்டிய உள்ள போட்டுட்டேன்... என்ன?... கொஞ்சம் சத்தமா பேசு.”

சாந்தகுமார் அடுப்பைத் தணித்தார். பிரியாணி தம்மில் இருந்தது. தம்பி மகளுக்குக் காரம் சேர்க்காமல் தனியாக ஒரு சின்னச் சட்டி.

“ஆர்க்கன்சாவா? பக்கத்து ஸ்டேட்டுக்கு எதுக்குடா?... அங்கதான் வானம் தெளிவா இருக்குமா?... மேகமா? இங்கயா?... ஃபோர்காஸ்ட் என்னத்தச் சொல்லும், நேத்து ஒண்ணு சொன்னான், இன்னைக்கு ஒண்ணு சொல்றான்... இல்லடா, மதியத்துக்குள்ள கலைஞ்சிடும். டெக்சாஸ் வானம் எனக்குத் தெரியாதா?... ஆமா... ஆமா, புரியுது... இப்ப எங்க இருக்கீங்க?... ஓ. ஆர்க்கன்சா ரோட்ல ராக்வாலே தாண்டியாச்சா.”

கேட்பதற்காகக் கூப்பிடவில்லை, தாண்டிய பிறகு சொல்வதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணியின் அடக்கத்துக்கு வந்தவன், அதற்கப்புறம் டல்லாஸிலிருந்து அரை மணி தூரத்திலிருக்கும் இந்த ஆலன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கலிஃபோர்னியாவில், டப்ளினில் வீடு. பிள்ளைக்கு ஸ்கூல், மனைவி ரெபெக்காவுக்கு வேலை. சொல்லக் காரணமா இல்லை. ஜனவரியில் அவனாகத்தான் போன் போட்டான். முழு சூரிய கிரகணத்தின் நிழல் அண்ணன் வீட்டு மேலேயே போகிறதாம், மூன்று பேரும் வருகிறார்களாம். அன்றிலிருந்து சாந்தகுமார் அந்த நிழலுக்காக வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“சரி, பார்த்துட்டு நைட்டாவது... ஓ, ரிட்டர்ன் டிக்கெட்டயும் அங்க லிட்டில் ராக்ல இருந்தே மாத்தியாச்சா. ம்... அடுத்த முழு கிரகணம் இந்த ஊருக்கு முந்நூறு வருஷம் கழிச்சுத்தான் வருதாம்டா... சும்மா சொன்னேன். நீ ரெனிஷாகிட்ட குடு.”

“ஹாய் குட்டி. பெரியப்பாதான்... கண்ணாடி வச்சிருக்கியா?... குட். கிரகணம் எப்படி வருதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்களா? எங்க, எனக்குச் சொல்லு பார்ப்போம்... ம், நடுவுல நிலா வந்து மறைக்குது... அமாவாசைன்னாலே நிலா சூரியன் பக்கம்தானே இருக்கும்? அப்ப மாசாமாசம் ஏன் கிரகணம் வரல?... ஓ, நிலா போற பாதை கொஞ்சம் சாய்வா இருக்கா... கிட்ட வருது, ஆனா கொஞ்சம் மேல, இல்லன்னா கீழ போயிடுது. நிழல் நம்ம மேல விழறதில்ல. கரெக்ட்... என்ன? யார் மாதிரி?... டாடி மாதிரியா?”

கரண்டி கையிலேயே நின்றது.

“டாடி மாசாமாசம் வர்றாரா... டல்லாஸ் ஆபீசுக்கு. ஓ... ஆமாம்மா. ஆமா, அதே மாதிரிதான். நல்லாப் புரிஞ்சு வச்சிருக்க... சரிடா குட்டி, டாடிகிட்ட குடு.”

அங்கே போன் கைமாறும் நேரத்தில் இங்கே ஜன்னலில் வெளிச்சம் மாறியது. மேகம் விலகி, பேக்யார்டில் அவர் காலையிலேயே விரித்து வைத்திருந்த நான்கு நாற்காலிகள் மேலும் வெயில் பளீரென்று விழுந்தது. சொன்னால் அடுத்த எக்ஸிட்டிலேயே வண்டியைத் திருப்பச் சொல்வான். ஆனால் சூரியனுக்காகத்தான் திருப்புவான். வானத்தைக் காட்டித் தம்பியை வரவழைக்க சாந்தகுமாருக்கு இனி மனம் வரவில்லை.

“ம், சொல்லு... சேச்சே, குழந்தை என்ன சொல்லிடப் போறா, ஸ்கூல் பாடம்தான் சொன்னா... இல்லடா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல... அட, விடு, ஆபீஸ் வேலைன்னா அப்படித்தான்... ஆமா, ஆமா... ரெபெக்காவ மெதுவா ஓட்டச் சொல்லு... வானமா, இங்கயா?”

வெயில் இப்போது சமையலறைக்குள்ளும் வந்திருந்தது.

“இங்க மேகம்தான்டா. ஒண்ணுமே தெரியல. நீங்க போனதுதான் சரி... வச்சிடறேன்.”