நனைந்த பிளாஸ்திரி

எனக்குக் கை சுத்தம் அதிகம். மாமியார் மூக்கம்மாளே அதை விருதுநகர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவார்.

என் வீட்டுக்காரர் மணிகண்டராஜுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் குழாய் வைத்து அனுப்பினார்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியை மாற்ற நர்ஸ் சுகிர்தா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மாஸ்க் போட்டு, மருந்து தொட்டுத் துடைத்து, காயவிட்டு ஒட்ட வேண்டும். ஈரம் பட்டால் உடனே மாற்றிவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் ஒருநாளும் பிசகியதில்லை.

வீட்டுக்காரர் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்புகிறவர். சீசன் வந்துவிட்டால் வீட்டுப் பக்கமே தலைகாட்ட மாட்டார். வந்தாலும் போனைத்தான் பார்ப்பார். படுக்கையில் விழுந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் துடைக்கும்போது பச்சைப்பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். பொய் சொல்வானேன், கல்யாணமாகி எனக்குக் கிடைத்த நல்ல காலம் அதுதான்.

பங்குனியில், நோய் அடங்கிவிட்டது, குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு.

"குளாய எடுத்ததும் லோடோட வடக்க போயிருவேன் மீனா. நீ அம்மாகூட இரு."

மாரியம்மன் பொங்கலுக்குப் போன மாமியார், கோயில் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து மகன் தலையில் ஊற்றினார். பிளாஸ்திரி நனைந்துவிட்டது. மாற்றிவிடு என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆத்தா தீர்த்தம் ஒன்றும் செய்யாது என்றேன். அவர் தூங்கியதும், கழுவாத விரலால் அதன் ஓரத்தைக் கொஞ்சம் நெம்பிவிட்டேன். சின்னக் காய்ச்சல் வந்தால் இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் இருப்பார் என்றுதான் நினைத்தேன்.

குளிர் நடுக்கம் வந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் சுகிர்தா. நடுக்கம் வந்தது. நான் போர்வையைப் போர்த்தி மடியில் படுக்க வைத்துக்கொண்டேன். மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது கிருமி ரத்தமெல்லாம் பரவியிருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

"எம் பிள்ளைய நானே தண்ணிய ஊத்திக் கொன்னுபுட்டேனே தாயி" என்று மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஆத்தா காரியம், நீங்க என்ன செய்வீக அத்தை" என்றேன்.

மாமியார் அன்று படுத்தவர்தான். சோறு ஊட்டுவது, துடைத்துவிடுவது எல்லாம் நான்தான். அவர் மகள், என் நாத்தனார் அழகுமீனா, காரியாபட்டியில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நிற்கிறாள். உங்கள் தண்ணீரால் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் மாமியார் எழுந்து நடமாடிவிடுவார்தான். எழுந்தால் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே அவரை என்னை மாதிரி யார் பார்ப்பார்கள்?