கராச்சி பஸ்ஸில் மருமகள்

—நீ ஹசாராப் புள்ளதானே? பொய் சொல்லாத. தண்ணி குடிக்க மாஸ்க்கை இறக்கினியே, அப்பவே உங்க ஆளுங்க மூஞ்சி ஜாடையைப் பாத்துட்டேன்.

—மெதுவாப் பேசுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

—மெதுவாவா? பஸ்ஸு நின்னு போச்சு. டிரைவர் எஞ்சினை அணைச்சுட்டான். வெளியே துப்பாக்கியும் கையுமா பத்து பேரு நிக்கிறானுங்க. இனிமே மெதுவா என்ன, சத்தமா என்ன? யா அல்லா! உனக்கு எவன் டிக்கெட்டு குடுத்தான்? ஷியான்னு உங்க ஆளுங்களைத் தேடித் தேடிச் சுடுறானுங்கன்னு, குவெட்டாவுல பஸ்ஸுல ஏத்தவே மாட்டானுங்களே.

—மாஸ்க் போட்டுக்கிட்டு, வேற பேரு சொல்லி வாங்கினேன். கராச்சியில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கெடச்சிருக்கு. நாளைக்குச் சேரணும். வேற வழி தெரியலம்மா.

—வேலைக்குப் போறாளாம், வேலைக்கு! ஒரு ஹசாராவைப் பிடிக்க பஸ்ஸையே கொளுத்தினவனுங்க இருக்கானுங்க, தெரியுமா உனக்கு? பக்கத்துல உக்காந்த பாவத்துக்கு நானும் சேந்து வேகணுமா? கராச்சியில என் மக நிறைமாசமா இருக்கா. இன்னிக்கோ நாளைக்கோன்னு காத்துக்கிட்டு இருக்கா.

—நான் எந்திரிச்சுப் போயிடுறேம்மா. முன்னாடி ஒரு சீட்டு காலியா இருக்கு. உங்களுக்கு என்னால ஒண்ணும் வர வேணாம்.

—போ. போய்த் தொலை. முன்னாடி போறேன்னு சொல்லிட்டு எதுக்குப் பின்னாடியே திரும்பித் திரும்பிப் பாக்குற?

—சும்மா… பயம்மா இருக்கு.

—வழி விடுறேன், போ… இரு. இருடி. கை ஏன் இப்படிச் சில்லுனு கிடக்கு? செத்தவ கை மாதிரி. உக்காரு.

—நீங்கதானே போகச் சொன்னீங்க.

—சொன்னேன். இப்ப உக்காருன்னு சொல்றேன். எந்திரிச்சு நடந்தேன்னா அவனுங்க கண்ணுல முதல்ல நீதான் விழுவ. அப்புறம் பொறக்கப்போற பேரப்புள்ளையை நான் எந்தக் கையால வாங்குறது? என் பையைத் தொற. அந்த பாதாம் பொட்டலத்துக்குக் கீழே துணி இருக்கு பாரு, உருவு.

—புர்கா. புதுசும்மா இது.

—மகளுக்கு வாங்கினது. பேசாம தலை வழியா மாட்டு. வலை இருக்கற பக்கம் முகத்துக்கு வரணும். ம், அப்படித்தான். உன் சின்னக் கண்ணு இப்ப யாருக்கும் தெரியாது. பேரு என்ன?

—மாசூமா.

—அதை மறந்துடு. அந்த ஷியாப் பேரே உன்னைக் காட்டிக் குடுத்துடும். நீ என் மூத்தவன் பொண்டாட்டி. நான் உனக்கு அத்தை. எங்க பாஷை பஷ்தோ பேசுவியா?

—ஆஸ்பத்திரியில கத்துக்கிட்டது நாலஞ்சு வார்த்தைதான். ‘எங்கே வலிக்குது’ன்னு கேக்கத் தெரியும்.

—ஐயய்யோ, அதைக் கேட்டு வச்சிடாத! இந்தா, கைக்குட்டையைச் சுருட்டி வாயில வை. உனக்கு நேத்து கடவாப் பல்லு பிடுங்கியிருக்கு. வாயைத் தொறக்க முடியாது. புரிஞ்சுதா?

—அத்தை… ஏறிட்டாங்க.

—தலையைக் குனி.

—எவனும் அசையக் கூடாது! ஆம்பளைங்க எல்லாரும் அடையாள அட்டையைக் கையில எடுங்க! ஏ கிழவி, பக்கத்துல யாரு அது?

—கிழவியா? உங்க ஆத்தாளைப் போய்க் கூப்பிடு அப்படி. இவ என் மருமக.

—புர்காவைத் தூக்கச் சொல்லு.

—இத்தனை ஆம்பளைங்க நடுவுல அடுத்தவன் பொண்டாட்டி மூஞ்சியைத் தொறக்கச் சொல்றியே, உன் வீட்டுப் பொம்பளையை எவனாவது இப்படிக் கேட்டா விடுவியா? முதல்ல என்னைச் சுடு. அப்புறம் தூக்கிப் பாத்துக்க.

—வாயை அடக்கு! ஏய் பொண்ணு, பேரைச் சொல்லு.

—ம்ம்… ம்ஹ்…

—அவ எங்கேருந்து பேசுவா? பல்லு பிடுங்கி, கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு. வாயில வச்ச துணியை எடுத்தா ரத்தமாக் கொட்டும். பாக்கணுமா?

—இந்த பஸ்ஸுல ஹசாரா இருக்கறதா எங்களுக்குச் சேதி வந்திருக்கு. நீ சொல்றது பொய்யின்னு தெரிஞ்சா உன்னையும் சேத்து எறக்கிடுவேன். சத்தியம் பண்ணு.

—என் மக வயித்துல இருக்கற புள்ளை மேல சத்தியம். இவ என் வீட்டுப் பொண்ணு. போதுமா? இன்னும் என்ன வேணும்?

—சரி சரி, கத்தாத. டேய்! கடைசி சீட்டு! சால்வையைப் போத்திக்கிட்டுத் தூங்கற மாதிரி நடிக்கறவனே! எந்திரி. மூஞ்சியைக் காட்டு.

—குனிஞ்சுக்க, மருமகளே. நம்மளை விட்டுட்டான். திரும்பாத. திரும்பாதடி!

—பேரு என்னடா?

—சகிதாத்.

—ஹசாராவா?

—மூஞ்சியிலேயே எழுதியிருக்கே. அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?

—உன் கூட வேற யாரு வந்திருக்கா? காட்டிக் குடு, உன்னை விட்டுடறேன்.

—யாருமில்ல. நான் தனியாத்தான் வந்தேன்.

—நல்லா யோசிச்சுச் சொல்லு.

—யோசிக்க என்ன இருக்கு? தனியாத்தான் வந்தேன்.

—அப்ப நட. எறங்கு கீழே.

—வர்றேன், தள்ளாதீங்க… அம்மா, உங்க மருமகளுக்குப் பல்வலியா? கிராம்பை நசுக்கி ஈறுல வைக்கச் சொல்லுங்க. அழ வேணாம்னு சொல்லுங்க. அழுதா வீக்கம் ஜாஸ்தியாகும்.

—வைத்தியம் சொல்ல வந்துட்டான்! எறங்குடா!

—என் கையைப் பிடிச்சுக்க புள்ள. இறுக்கிப் பிடி. நகம் பட்டா படட்டும், பரவால்ல. சத்தம் மட்டும் வரக் கூடாது. அவனுங்க இன்னும் கீழேதான் நிக்கிறானுங்க. ஜன்னல் பக்கம் பாக்காத. என் தோள்ல சாஞ்சுக்க. காதைப் பொத்து, பொத்துடி…

—ம்ம்ம்…

—ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. டயரு வெடிச்சிருக்கும். டயருதான்… யா அல்லா, யா அல்லா. பாரு, எஞ்சினைப் போட்டுட்டான். நகருது. பஸ்ஸு நகருதுடி! பொழச்சோம். வாயில இருக்கற துணியை எடு. மூச்சு விடு. இந்தா, தண்ணி. வேணாமா? புள்ளை மேல பொய்ச் சத்தியம் வேற பண்ணிட்டேன். அல்லா அதைக் கணக்குல எடுத்துக்க மாட்டான். மேலே இருக்கறவனுக்குத் தெரியும். ஆனா அந்தப் பையன்! உங்க ஆளுதானே, நீ யாருன்னு அவனுக்குக் கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும். ஒரு விரலை நீட்டியிருந்தா அவன் உசுரு தப்பிச்சிருக்குமோ என்னவோ. சாகப் போற நேரத்துல, முன்ன பின்ன தெரியாத பொண்ணுக்குக் கிராம்பு வைன்னு சொல்லிட்டுப் போறான். அவனைப் பெத்தவ இப்ப எங்க உக்காந்திருக்காளோ… அழாதடி. ஏ புள்ள, உன் மடியில ஃபோனு அடிக்குது. எடு.

—வேணாம், அத்தை.

—ஏன்? யாரு அது?

—அம்மா. கடைசி சீட்டுக்குப் போய் அண்ணன்கிட்ட ஃபோனைக் குடுன்னு சொல்லுவாங்க.