மடித்தவர் பெயர்

— தேதியையும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள் நிர்மல். ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை. அன்றுதான் நண்பர் சாதுல்லாவின் பேத்தி சைமா, உங்கள் பதிப்பகம் வெளியிட்ட என் நூலை வகுப்புக்கு எடுத்துச் சென்றாள். “இதிலுள்ள காகித மடிப்பெல்லாம் எங்கள் தாத்தா செய்தவை” என்றாள். “அப்படியானால் அவர் பெயர் எங்கே?” என்று கேட்டார்கள். நூலில் எங்கும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பொய்க்காரி என்ற பட்டத்தோடு வீடு திரும்பினாள். இதுதான் என் குற்றச்சாட்டு. பதில் சொல்லுங்கள்.

— சார், மொதல்ல உக்காருங்க. சாதுல்லா சார், நீங்களும் உக்காருங்க. டீ சொல்றேன்.

— நான் நின்னுகினே கீறேன்பா. டீயெல்லாம் வேணாம். நாலு நாளா என் பேத்தி ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு அடம் புடிச்சிகினு கீறா. வாத்தியாரு எனுக்காவ அம்பத்தூர் வரைக்கும் வந்துக்கீறாரு. அவரு பேசட்டும்.

— பேசத்தான் போகிறேன். நன்றியுரை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேனே, அது எங்கே? “ஒரிகாமி என்னும் ஜப்பானியக் காகித மடிப்புகளைச் செய்தும் படங்கள் வரைந்தும் உதவிய நண்பர் சாதுல்லாவுக்கு நன்றி.” ஓர் எழுத்துக்கூட அச்சாகவில்லை!

— புக்கே மொத்தம் பதினாறு பக்கம்தான் சார். முன்னுரை ஒரு பக்கம்னு சொன்னீங்க, ரெண்டு பக்கமா வந்துச்சு. ஒரு வரி குறைக்கக் கூடாதுன்னு போன்ல என்னைத் திட்டுனீங்க. அப்ப வேற எதையாவது எடுக்கணும் இல்லையா?

— எடுப்பதற்கு நன்றிதான் கிடைத்ததா உங்களுக்கு?

— இரு வாத்தியாரே. அது இன்னா, ‘உதவிய’?

— என்ன கேட்கிறாய்?

— நான் உதவி பண்ணேனா? பாடி ஃபேக்டரியில இருபத்தெட்டு வருசம் மிஷின் பார்ட்டுக்கு டிராயிங் போட்டவன் நானு. நரி, தவளை, படகு, அந்த ரெண்டு பொண்ணுங்க, அம்பு போட்டுக் காட்டுன ஒவ்வொரு மடிப்பும் என் கை. உன் கதையில ‘இப்படி மடி’ன்னு பதினோரு எடத்துல கீது. எப்படி மடிக்கிறது? என் படத்தக் கையால மூடிகினு படிச்சுக் காட்டு, பாப்போம்.

— உனக்காகத்தானே இங்கு வந்து வாதாடுகிறேன்! என்மேலேயே பாய்கிறாயே!

— பாயல. மனசுல இருந்தத சொல்றேன். அட்டையிலயே என் பேரு வரும்னு நெனச்சுகினு இருந்தேன். வரல. கேக்க வெக்கமா பூட்ச்சு. இவுங்க வழக்கமே இப்டித்தான் போலன்னு வாய மூடிகினேன். இன்னா தம்பி, படம் போட்டவன் பேர அட்டையில போடவே மாட்டீங்களா?

— போடுவோமே சார். ஒரிகாமி புக்குக்குப் படம்தானே உயிரு. போட்டிருந்தோமே.

— எங்க போட்டீங்க?

— மே மாசம் திருத்தத்துக்கு அனுப்பின புரூஃப்ல. ஞானசேகரன் சார் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பின தாள் இந்த ஃபைல்லதான் இருக்கு.

— நிர்மல், அந்தத் தாள் இப்போது தேவையில்லை. நாம் நன்றியுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

— நீ சும்மா இரு வாத்தியாரே. குடு தம்பி, பாக்கறேன். ‘கதை: ஞானசேகரன். படமும் மடிப்பும்: சாதுல்லா.’ ரெண்டு பேரும் ஒரே அளவு எழுத்துல. ஷோக்காத்தான் கீது. என் பேரு மேல இந்தச் செவப்புக் கோடு இன்னாத்துக்கு?

— சாதுல்லா, அதைக் கீழே வை.

— ஓரத்துல வேற எழுதிக்கீதே. ‘ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியரே. உதவியவர் பெயர் உள்ளே, நன்றியில் வந்தால் போதும்.’ கையெழுத்து முத்து முத்தா கீது வாத்தியாரே. யார்துன்னு கேக்கவே வேணாம்.

— எழுதியவனே நூலாசிரியன். அது மரபு. உன்னைத் தாழ்த்த வேண்டும் என்று நான் ஒருபோதும்...

— மரபா? உன் கதையில அகல்யாவும் ஜெபாவும் சண்ட போட்டுகினு, அப்பால ஒரே தாள ஆளுக்கொரு மூலையா மடிக்கிறாங்க. ஒருத்தி கைய எடுத்தா மடிப்பு பிரிஞ்சு பூடும். அதான் சிநேகம்னு கடைசிப் பக்கத்துல எழுதுனது யாரு? நீதானே? அந்தக் கையாலயேதானே இந்தக் கோட்டையும் போட்ட?

— தவறுதான். ஒப்புக்கொள்கிறேன். அடுத்த பதிப்பில் உன் பெயரை முதலில் போடச் சொல்கிறேன்.

— அடுத்த பதிப்பு வர்றதுக்குள்ள சைமா அஞ்சாங்கிளாஸ் பூடுவா. ஆயிரம் புக்கு ஸ்கூல் ஸ்கூலா பூட்ச்சு. அதுலதான் அவ பொய்க்காரி. எனுக்காவ நீ சண்ட போட வர்றேன்னு தெருவுல பாக்கறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லிகினு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நான் பூந்தமல்லி பஸ்ஸ புடிக்கிறேன். நீ அடுத்த பஸ்ஸுல வா.

— சாதுல்லா! நில்! நான் சொல்வதைக் கேள்!

— படி எறங்கிட்டாரு சார். விடுங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்.

— சரியாகாது. சரியாகவும் கூடாது. நூல் போன பள்ளிகளின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா?

— இருக்கு சார்.

— ஆயிரம் ஒட்டுச்சீட்டு அச்சிடுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்புங்கள். அட்டையிலேயே ஒட்டச் சொல்லுங்கள். வாசகத்தை நான் சொல்கிறேன்.

— ‘ஓவியர் பெயர் தவறுதலாக விடுபட்டுவிட்டது’ன்னு ஒரு வரி போதும் சார். உங்களுக்கும் மரியாதையா இருக்கும்.

— விடுபடவில்லை. நான் அடித்தேன். சொல்வதை அப்படியே எழுதுங்கள்: “இந்த நூலைக் கையில் வைத்திருப்பவரே! இதிலுள்ள எல்லாப் படங்களும் எல்லா மடிப்புகளும் சாதுல்லாவின் உழைப்பு. மூன்றாம் வகுப்புச் சைமா தன் வகுப்பில் சொன்னது உண்மை. அவள் தாத்தாவின் பெயரை இந்த அட்டையிலிருந்து நீக்கியவன், இக்கதையை எழுதிய ஞானசேகரன். நட்பைப் பற்றி அவன் எழுதியதை நம்புவதற்கு முன், எழுதுகோலை எடுங்கள். அவன் பெயருக்கு மேலே சாதுல்லா என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுதாமல் இந்த நூலைத் திறக்காதீர்கள்!”